ஒன்றுக்கு எண்பத்தேழு

முதலில் ஆண்டைச் சொல் என்கிறது கையேடு.
ஆண்டு தெரியாமல் ஒரு மரம்கூட நட முடியாதாம்.
சரி.
இடம் மாங்குளம், அதில் மாற்றமில்லை.
பலகை, ஆஸ்பத்திரி கழித்துவிட்ட கதவு,
ஆறடி எட்டங்குலம். பூட்டு இருந்த ஓட்டையில்
குளம் வரும்.

பகலில் பல்லுக் கட்டுகிறேன்.
மிஞ்சும் சாந்தில் பாதை மேடு,
பல்லிறுக்கும் கம்பியில் தந்திக் கம்பி.
வாய் அச்சு எடுக்கிறவனுக்குத் தெரியும்,
இல்லாத பல்லின் வடிவத்தைத்தான்
முதலில் எடுக்க வேண்டும்.

ஸ்காபரோவிலிருந்து ஞானறூபன் அனுப்பிய பாதை
எங்கள் அகலப் பாதைக்கு ஒடுக்கம்.
அந்தப் பொய்யை முதல்நாளே ஒத்துக்கொண்டேன்.

நீராவிக் காலம் வைக்கலாம்.
புகைக்குப் பஞ்சு. தண்ணீர்த் தொட்டி.
காடு நெருங்கி நிற்கும், பாலை, முதிரை, வீரை,
எல்லாம் தேங்காய்த் தும்பில்.
ஆனால் அந்த மாங்குளத்தில் நான் அறிந்த ஒருவருமில்லை.
முகமில்லாத ஆட்களுக்குச்
சால்வை பூசிக்கொண்டிருக்க வேண்டும்.

டீசல் வந்த காலம், கனடா தந்த இயந்திரங்கள்,
ஒன்றின் விலாவில் ஒன்ராறியோ என்றே பெயர்.
ஞானறூபன் சிரிப்பான்.
மூன்றாம் வகுப்பு யன்னலில் கச்சான் சரை வாங்கும் கை.
அந்தக் கையைச் செய்துவிட்டால்
அடுத்த வருசம் வராமல்
அறையைப் பூட்டிவைக்க வேண்டும்.

இப்போதைய காலம் லேசு.
நீலப் பெட்டி, கொங்கிறீற் சிலிப்பர், புது ஸ்ரேசன்.
பெயர்ப்பலகையில் எந்த எழுத்து மேலே என்று
யோசிக்கவும் தேவையில்லை,
யன்னலால் எட்டிப் பார்த்தால் போதும்.
எட்டிப் பார்க்கக் கிடைப்பதை எதற்குச் செய்வது?

இடையில் இருபத்துச் சொச்சம் வருசம்.
கையேட்டில் அப்படியொரு காலமே இல்லை,
தண்டவாளமில்லாத றெயில் பாதை.
கிறவல் மேட்டில் சைக்கிள் தடம், ஈச்சம் பற்றை,
ஆடு,
யாருக்கும் எதையும் காட்டாத கைகாட்டி.
ஒரு கிழமை அதையே வரைந்தேன்.
இயந்திரம் பெட்டிக்குள் கிடந்தது.

வதனி தேத்தண்ணியோடு வந்து
படத்தைத் தலைகீழாய்ப் பார்த்தாள்.
"எங்கட பங்கரை எங்க வைச்சிருக்கிறியள்?"
அது ஒலுமடுவில் என்றேன், கதவுக்கு வெளியே.
"அப்ப கதவைக் கொஞ்சம் நீட்டுங்கோ."

பிறகு சொன்னாள்,
பதினொரு வருசக் குடித்தனத்தில் முதல்முறை.
மேலே மூன்று தண்டவாளம், அதன்மேல் மண்.
மல்லாந்து கிடந்தால் மூக்குக்கு நேரே
இரும்பில் எழும்பிய எழுத்து,
ஏதோ சீமைக் கொம்பனி, பக்கத்தில் 1902.
ஷெல்லுக்கும் ஷெல்லுக்கும் இடையில்
அதைக் கூட்டிக் கூட்டிப் பார்ப்பாளாம்,
ஒன்று, ஒன்பது, சைபர், இரண்டு.
"பன்னிரண்டு. எனக்கும் அப்ப பன்னிரண்டு."

அந்த இரும்புக்கு எந்த ஆண்டு?
கையேட்டைத் திறக்கவில்லை.

ஞானறூபனின் பாதையில் மூன்று துண்டு வெட்டினேன்,
ஒவ்வொன்றும் ஒன்றேகால் அங்குலம்.
சாந்தில் குழி, குறுக்கே இரும்பு.
மண்மூட்டைக்கு என்ன நிறம் என்று கேட்டேன்.
"சாக்கு ஆர் தந்தது? அம்மான்ர சேலையளைத்தான் தைச்சது.
மஞ்சளில சிவப்புப் பூ."
அதுபோல ஒன்றைத் தன் சேலையில் கத்தரித்து
கொண்டுவந்து வைத்தாள்.

அளவு பிழை.
ஒரே பூ முழுப் பங்கரையும் மூடி
ஓரிதழ் பாதைவரை நீண்டது.
சின்னதாய் வரைந்து தரவா என்றேன்.
வேண்டாமாம்.

வெட்டிய இடத்தில் பாதை குறைகிறது.
ஆண்டு எழுதும் பலகை வெறுமையாய்க் கிடக்க
நேற்றிரவு கரண்ட் கொடுத்தோம்.
இயந்திரம் கைகாட்டியைத் தாண்டி வந்து
பூவுக்கு முன்னால் நின்றது.
பின்னுக்கு எடுத்தேன்.
"திரும்ப விடுங்கோ" என்றாள்.